நம்பி விழும் பயிற்சி

முதன்மைச் செயல் அலுவலர் நாகேந்திரனின் அறைக் கதவைக் கழற்றிய அன்றுதான் கம்பெனிக்கு ஏழரை பிடித்தது என்று சக்திவேல் இன்றைக்கும் சொல்வான். அதற்கு முன்னால் எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று அர்த்தமில்லை. அதற்கு முன்னால் குளிர் அறை ஒன்றுதான் கெட்டிருந்தது.

ஆர்.கே.பேட்டை, திருவாலங்காடு பக்கத்துப் பூ விவசாயிகள் பங்கு போட்டுத் திருத்தணியில் தொடங்கிய கம்பெனி அது. தணிகை மலர் உழவர் நிறுவனம் என்று பெயர். முன்னால் அலுவலகம், பின்னால் தகரக் கொட்டகை, கொட்டகையின் மூலையில் குளிர் அறை. மல்லியும் சாமந்தியும் சம்பங்கியும் வந்து இறங்கும். தரம் பிரித்து மலைக்கடைகளுக்குக் கொஞ்சம், திருப்பதி பஸ்ஸில் கொஞ்சம், சென்னை ரயிலில் மிச்சம் என்று அனுப்புவார்கள். அன்றைக்குப் போகாத பூ குளிர் அறைக்குப் போகும். கொட்டகைக்குப் பொறுப்பு சக்திவேல்.

எடை போடுகிற ஆனந்தன் அவனுடைய அக்காள் சுதாவின் புருஷன். ஆர்.கே.பேட்டையில் தறி ஓட்டிக்கொண்டிருந்தவன். தறி நின்று, வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தபோது, சக்திவேல்தான் நாகேந்திரனின் அறை வாசலில் காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்று இந்த வேலையை வாங்கிக் கொடுத்தான். அப்போது அந்த அறைக்குக் கதவு இருந்தது. தட்டினால் திறந்தார்கள்.

ஆனந்தனை அவன் பாவா என்று கூப்பிடுவான். பாவா என்பது வெறும் கூப்பாடு இல்லை. அந்தப் பக்கத்தில் அக்காள் புருஷனை ஏசுவது மச்சானின் பிறப்புரிமை, திருப்பி ஏசுவது பாவாவின் கடமை. எருமையில் தொடங்கி எமதர்மன் வரைக்கும் போகலாம், ஒருவரும் தடுக்க மாட்டார்கள். என்றைக்காவது இரண்டு பேரும் மரியாதையாகப் பேசிக்கொண்டால்தான், வீட்டுப் பெண்கள் பதறிப்போய் என்ன சண்டை என்று விசாரிப்பார்கள்.

சித்திரை வெயிலில் குளிர் அறையின் கம்ப்ரஸர் நின்றது. சக்திவேல் போய்ச் சொன்னான். நாகேந்திரன் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வெகுநேரம் யோசித்தார்.

"மெஷினைப் பார்க்காதீங்க சக்திவேல், மனுஷனைப் பாருங்க. கம்ப்ரஸர் ஏன் நின்னுச்சு? யாரோ ஒருத்தர் அதைத் தன்னோடதா நினைக்கலை. இது தலைமைப் பண்புல வர்ற கோளாறு. மெக்கானிக் வந்தா இன்னைக்குச் சரி பண்ணிட்டுப் போயிடுவான். அதுக்கு அப்புறம்?"

"அதுக்கு அப்புறம் ஓடும் சார்."

"இதான். இந்தக் குறுகிய பார்வையைத்தான் சொல்றேன்."

ஆகவே மெக்கானிக் வரவில்லை. சென்னையிலிருந்து ஸ்ரீவிஷ்ணு வந்தார். தலைமைப் பயிற்சியாளர், வயது முப்பதைத் தாண்டியிருக்காது. தன்னுடைய முகவரி அட்டையில் 'தலைவர்களைச் செதுக்குபவர்' என்று போட்டிருந்தார். மலையேறி சாமி பார்த்துவிட்டு, நெற்றி நிறைய விபூதியோடு கொட்டகைக்குள் வந்து சுற்றிப் பார்த்தார். குளிர் அறையை மட்டும் பார்க்கவில்லை. அது தன்னுடைய துறை இல்லை என்றார்.

அவருடைய முதல் பரிந்துரை கதவு. தலைவனின் கதவு எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்று அவர் சொன்னதும் நாகேந்திரன் ஒரு படி மேலே போனார். திறந்த கதவைக்கூட யாராவது மூடிவிடலாம் அல்லவா? ஆசாரியைக் கூப்பிட்டு, கீலோடு கழற்றி, கொட்டகைச் சுவரில் சாய்த்துவைத்தார்கள். பெண்கள் அதன்மேல் ஈரச் சாக்கைக் காயப்போட்டார்கள்.

கதவு போனதும் அறையின் ஏசிக் குளிர் வெளியே வந்தது. அதைத் தடுக்க நிலைக்கு நடுவில் ஒரு நாற்காலி போட்டு ப்யூன் சின்னசாமியை உட்கார வைத்தார்கள். முன்பெல்லாம் தட்டினால் போதும். இப்போது தட்டுவதற்கு ஒன்றும் இல்லாததால் டோக்கன் வாங்க வேண்டும் என்று ஏற்பாடானது.

"சாரைப் பாக்கணும் சின்னசாமி."

"பாரேன். இங்கேருந்தே தெரியறாரே," என்பான் அவன்.

"பேசணும்பா."

"ஆங், அதுக்குத்தான் டோக்கன்."

இரண்டாவது பரிந்துரை கொட்டகைச் சுவரில் பெரிய எழுத்தில் வந்தது. 'நாம் அனைவரும் ஒரே குடும்பம்.' எழுதிய பெயின்ட் காய்வதற்குள் ஸ்ரீவிஷ்ணுவின் காதில் பாவா, நைனா, அத்தை, பெரிம்மா என்று விழுந்தது. கொட்டகையில் வேலை செய்கிறவர்கள் எல்லாம் நாலைந்து ஊர்க்காரர்கள், ஒருவருக்கொருவர் எப்படியாவது உறவு. அவர் முகம் சுளித்தார்.

"இது குடும்பமா, நிறுவனமா? உறவுமுறை சொல்லிக் கூப்பிட்டா எப்படி வேலை வாங்க முடியும்? தலைவன் எப்படிக் கண்டிப்பான்?"

மறுநாள் அந்த எழுத்துக்குக் கீழேயே இன்னொரு வரி எழுதப்பட்டது. 'உறவுமுறை சொல்லி அழைத்தல் கூடாது.' இரண்டையும் சேர்த்துப் படித்தவர்கள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்கள். எல்லோரும் எல்லோரையும் சார், மேடம் என்று கூப்பிட வேண்டும் என்று உத்தரவு. சாமந்தி பிரிக்கிற பங்காரு அக்காவைச் சக்திவேல் "பங்காரு மேடம்" என்று கூப்பிட்டபோது, அவள் தனக்குப் பின்னால் யார் வந்து நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாள். தவறிப்போய் உறவு சொன்னவர்கள் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்று, எதிராளியின் நற்குணம் ஒன்றைச் சொல்லி இறங்க வேண்டும். ஆனந்தன் ஒரே காலையில் பலமுறை ஏறினான்.

"இவுரு நல்லவரு சார். எங்க வூட்டு சோத்த துன்னும்போது குறை சொல்லமாட்டாரு," என்றான் சக்திவேலைக் காட்டி.

"நீ போட்டாத்தான பாவா குறை சொல்றதுக்கு?" என்றான் சக்திவேல். அவனும் ஏற வேண்டியதாயிற்று.

இது வரைக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்த பிறகுதானே மனுஷனைக் கடிக்க வரும்.

ஒரு சனிக்கிழமை நாகேந்திரன் எல்லோரையும் கொட்டகையில் கூட்டி, மனம் திறந்து பேசும் நாள் என்று அறிவித்தார். முதலில் தானே மனம் திறந்தார்.

"நான் எல்லாரையும் நம்பறேன். நம்பறதாலதான் மூலைக்கு ஒரு கேமரா வெச்சிருக்கேன். என் நம்பிக்கை வீண் போகலைன்னு தினமும் பார்த்துச் சந்தோஷப்படணும் இல்லையா? என்னை யார் வேணா விமர்சிக்கலாம். போன வருஷம் கணக்குப் பிரிவுல இருந்த தம்பி ஒருத்தர் முகத்துக்கு நேரா விமர்சிச்சார். அவர் இப்ப எங்க இருக்கார்னு தெரியலை. ஆனா அந்தத் தைரியத்தை இன்னைக்கும் நான் பாராட்டறேன். தலைவன்னா யாரு? முடிவு எடுக்கறவன். முடிவு தப்பாப் போனா அந்தத் தப்பைக் கீழே இருக்கறவங்களோட தாராளமாப் பகிர்ந்துக்கறவன். நான் எதையும் எனக்குன்னு வெச்சுக்கிட்டதே கிடையாது."

ஸ்ரீவிஷ்ணு கைதட்டினார். யாராவது பேசுங்கள் என்றார். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி வேண்டாமா என்று ஊரில் சொல்வார்கள். சக்திவேலுக்கு அன்று மதி இல்லை. எழுந்து நின்றான்.

"சார், ஆடிக் கிருத்திகை வந்துகினு இருக்குது. புஷ்பக் காவடிக்கு எல்லாரும் பூ கேப்பாங்கோ. குளிர் ரூம்பு ஓடலன்னா மிஞ்சற பூ அம்மாமும் அழுவிப்போவும். மெக்கானிக்க மட்டும் கூப்ட்டு விடுங்க சார். இல்லன்னா பூவையாச்சும் கம்மியா எறக்கச் சொல்லுங்க."

நாகேந்திரன் கண்கலங்கினார். இதுதான் தலைமை, இந்தக் குரலுக்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன் என்றார். சக்திவேலுக்கு அங்கேயே 'குழு உந்துசக்தி' என்ற பட்டம் கொடுத்து, சாமந்தி மாலை ஒன்றும் போட்டார். ஆனந்தன் அவன் காதருகே குனிந்தான்.

"மச்சான், ஆட்டுக்கு மாலை போட்டுட்டாங்கோ. தண்ணி தெளிச்சா தலைய ஆட்டிறாத."

மறுவாரம் குளிர் அறைக்கு வழி பிறந்தது. உள்ளே ஒரு பாயும் பிளாஸ்டிக் விளக்கும் வைத்து, வெளியே 'அமைதி அறை' என்று பலகை மாட்டினார்கள். மனஅழுத்தம் உள்ள ஊழியர்கள் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளலாம். உட்கார்ந்தவர்கள் வியர்த்துப்போய் வெளியே வந்தார்கள். அழுத்தம் வெளியேறுகிறது என்றார் ஸ்ரீவிஷ்ணு.

அப்புறம்தான் நம்பி விழும் பயிற்சி. ஸ்டூலில் ஏறி நின்று, கையை மார்பில் கட்டி, கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாகச் சாய வேண்டும். கீழே இருக்கிற ஊழியர் ஒருவர் பிடிப்பார். எந்தத் தலைவனைக் குழு பிடிக்கிறதோ அவனே தலைவன். நாகேந்திரனுக்கு முதுகுவலி என்பதால் அவர் தன் சுழல் நாற்காலியிலேயே லேசாகச் சாய்ந்தார். சின்னசாமி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான். அபாரம் என்று குறித்துக்கொண்டார்கள்.

சக்திவேலின் முறை வந்தது. யார் பிடிக்க வேண்டும் என்று கேட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு விழ வேண்டுமென்றால் அவன் வேறு யாரைச் சொல்வான்? ஆனந்தனைக் கைகாட்டிவிட்டு ஏறினான். சாய்ந்தான்.

ஆனந்தன் உலகத்தில் உள்ள எந்தப் பாவாவும் செய்வதைச் செய்தான். கடைசி நொடியில் ஓர் அடி விலகினான்.

கீழே சாமந்திக் காம்பு அடைத்த கோணி கிடந்ததால் இடுப்பு தப்பியது. அந்தக் கோணியைக் காலால் சரியான இடத்துக்குத் தள்ளிவிட்டுத்தான் பாவா விலகினான் என்பதை விழுந்தவன் விழும்போதே உணர்ந்தான். கொட்டகையே சிரித்தது. சக்திவேல்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். எழுந்து பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டே ஏசினான்.

"ஏ பாவா, உனுக்கு எங்கக்காவ கட்டிக் குடுத்த நேரத்துல ஒரு எருமைய வாங்கிக் கட்டியிருந்தா, எங்க நைனாவுக்கு பாலாச்சும் மிஞ்சியிருக்கும்யா."

"கறக்கறதுக்கு உங்க வூட்ல யாருக்குடா கை வணங்குது?" என்றான் ஆனந்தன், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டு.

ஸ்ரீவிஷ்ணு சிரிக்கவில்லை. கையிலிருந்த டேப்லெட்டில் எதையோ தட்டினார். நாகேந்திரனிடம் குனிந்து ஏதோ சொன்னார். இரண்டு பேரும் சக்திவேலைப் பார்த்தார்கள். அவன் அவர்களைப் பார்த்தும் சிரித்தான்.

ஆடிக் கிருத்திகை வந்தது. பெரிதாக யோசிக்க வேண்டும் என்று சொல்லி, நாகேந்திரன் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு பூவை இறக்கச் சொல்லியிருந்தார். வேண்டாம் என்று சொல்லச் சக்திவேல் டோக்கன் வாங்கிக் காத்திருந்தான். அவன் முறை வருவதற்குள் லாரிகள் வந்துவிட்டன. மலையெல்லாம் காவடி, ஊரெல்லாம் அரோகரா. விற்றது போக மிஞ்சிய பூவை அமைதி அறையில் அடுக்கினார்கள். திருவிழா முடிந்து திறந்தபோது நாற்றம் பஸ் நிலையம் வரைக்கும் போனது.

விவசாயிகள் திரண்டு வந்தார்கள். கதவு இல்லாததால் நேராக உள்ளே போய்விட்டார்கள். சின்னசாமி டோக்கன் என்று ஆரம்பித்தான், அவனை நாற்காலியோடு தூக்கி ஓரமாக வைத்தார்கள். அழுகிய மல்லியை நாகேந்திரனின் மேஜையில் கொட்டிவிட்டு, இதற்கு யார் பொறுப்பு என்று கேட்டார்கள். திறந்த கதவுக் கொள்கை உண்மையிலேயே நடைமுறைக்கு வந்தது அன்று ஒருநாள்தான். சாயங்காலமே ஆசாரி வந்து கதவைத் திரும்ப மாட்டினான்.

யார் பொறுப்பு என்ற கேள்விக்கு விசாரணை வைத்தார்கள். அமைதி அறையிலேயே வைத்தார்கள். மூக்கில் கைக்குட்டையோடு நாகேந்திரனும் ஸ்ரீவிஷ்ணுவும் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்ரீவிஷ்ணு தன் ஆய்வின் முடிவை வாசித்தார்.

"பூ ஏன் அழுகியது? குழுவின் மனசு வாடியதால. குழுவின் மனசு ஏன் வாடியது? குழுத் தலைவர் சக்திவேல் ஊழியரை மிருகத்தோட ஒப்பிட்டுப் பேசியதால. இவர் விழுந்தபோது பிடிக்கக்கூட ஆள் இல்லை. அதை நான் கண்ணால பார்த்தேன்."

சக்திவேலுக்குச் சிரிப்பு வந்தது. உண்மையாகவே வந்தது. இதற்கு ஒரே ஒரு வார்த்தை போதும், பாவா வந்து அதைச் சொல்லிவிடுவான், அப்புறம் கம்ப்ரஸரைப் பற்றிப் பேசலாம் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆனந்தனைக் கூப்பிட்டார்கள். வந்து நின்றான். சக்திவேலைப் பார்க்கவில்லை.

"உங்களை எருமைன்னு சொன்னாரா?" என்று கேட்டார் நாகேந்திரன்.

"ஆங் சார். சொன்னாரு."

"அப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

"மனசுக்குக் கஷ்டமா பூட்ச்சி சார்."

சக்திவேல் இதையும் விளையாட்டு என்றுதான் நினைத்தான். இப்போது உதடு துடிக்கும், இப்போது சிரிப்பு வெடிக்கும் என்று பாவாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவர் விழுந்தப்ப ஏன் பிடிக்கலை?" என்றார் ஸ்ரீவிஷ்ணு.

"நம்பிக்கை வரல சார்."

"பாவா," என்றான் சக்திவேல். "சார், இவுரு எங்கக்கா வூட்டுக்காரரு. நாங்க இப்படித்தான் பேசிக்குவோம். பாவா, சொல்லேன்யா."

நாகேந்திரன் ஆனந்தனின் பக்கம் திரும்பினார். "இவர் உங்களுக்கு உறவா?"

ஆனந்தன் நாகேந்திரனைப் பார்த்தே சொன்னான். "கம்பெனில உறவு கெடயாது சார்."

எவ்வளவு நேர்மை என்று ஸ்ரீவிஷ்ணு வியந்தார். இந்த மனிதருக்குள் ஒரு தலைவர் ஒளிந்திருக்கிறார் என்று கண்டுபிடித்தார். அந்த நாற்றத்துக்குள் வைத்தே கொட்டகைப் பொறுப்பு ஆனந்தனிடம் போனது.

சக்திவேலை நாகேந்திரன் தன் அறைக்கு அழைத்துத் தோளில் கை போட்டார். "உங்களை அனுப்பலை சக்திவேல். உங்களுக்குச் சுதந்திரம் குடுக்கறோம். எப்ப வேணா வாங்க. என் கதவு உங்களுக்கு எப்பவும் திறந்திருக்கும்." சொல்லிக்கொண்டே வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். புதுக் கீலுக்கு எண்ணெய் போட்டிருந்தார்கள், சத்தமே வரவில்லை.

வேலை போனது வலிக்கவில்லை என்றால் பொய். ஆனால் அந்த வலியை அவன் எதிர்பார்த்திருந்தான். மேலே இருக்கிறவன் என்றால் கழுத்தை அறுப்பான், அதில் புதுமை இல்லை. ராத்திரியெல்லாம் புரண்டு படுத்தபோது காதில் கேட்டுக்கொண்டிருந்தது வேறு குரல். காலால் கோணியைத் தள்ளிவைத்தவன் நம்பிக்கை வரவில்லை என்று சொல்கிறான். எதை நம்புவது? அந்தக் காலையா, இந்த நாக்கையா?

ஆவணியில் சுதா வந்தாள். இடுப்பில் குழந்தை சாய்லக்ஷ்மி. உட்காரச் சொல்லியும் உட்காராமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவுரு இன்னாடா பண்ணுவாரு? விசாரணைக்கு மொத நாளே கூப்ட்டு சொல்லிட்டாங்களாம். சக்திவேலு எப்படியும் போவப்போறான், நீயும் கூடப் போறியா, இல்ல இருக்கறியான்னு கேட்டாங்களாம். ரெண்டு பேரும் போய்ட்டா வூட்ல அடுப்பெரிய வேணாமா?"

"அத எங்கிட்ட மொத நாளே சொல்லியிருக்கலாமே அக்கா. நானே சொல்லியிருப்பேன், சொல்லிட்டுப் போ பாவான்னு."

புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பாப்பாவுக்குக் காது குத்தறோம். மலையில. தாய்மாமன் மடி வோணும். வரமாட்டன்னு மட்டும் சொல்லிடாத."

"மடிக்கு இன்னா பண்ணுச்சு? வரேன்."

மலைமேல் மண்டபத்தில் கூட்டம். கொட்டகைக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். நாகேந்திரனும் ஸ்ரீவிஷ்ணுவும் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள், ஊழியர் குடும்ப விழாவில் பங்கேற்பதும் தலைமைப் பண்புதானாம். சக்திவேல் சப்பணமிட்டு உட்கார்ந்தான். குழந்தையை மடியில் வைத்தார்கள். காது குத்தும் பத்தர் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெண்கள் நெருங்கி வந்து நின்றார்கள். காது குத்தில் சோற்றைவிட முக்கியம் பாவாவும் மச்சானும் ஏசிக்கொள்வது, அதைக் கேட்கத்தான் பாதிப்பேர் மலையேறுவார்கள்.

ஆனந்தன் புதுச் சட்டையில் இருந்தான். எல்லோரும் தன்னைப் பார்ப்பது தெரிந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு வழக்கம்போல் ஆரம்பித்தான்.

"இன்னா மச்சான், வேலவெட்டி இல்லாம மடி இளைச்சிப் பூட்ச்சா? எம் பொண்ணு நழுவி வுழுந்துடப் போறா."

பங்காரு அக்கா சிரிக்கத் தயாராக வாயைத் திறந்துவைத்திருந்தாள்.

"இல்லீங்க சார். பத்திரமா புடிச்சிக்கினு இருக்கேன். நீங்க கவலைப்படாதீங்க சார்," என்றான் சக்திவேல்.

மண்டபத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. சுதா தலையைக் குனிந்துகொண்டாள். முன்வரிசையில் ஸ்ரீவிஷ்ணு மட்டும் நாகேந்திரனிடம், மொழி எவ்வளவு பண்பட்டிருக்கிறது பாருங்கள், பயிற்சியின் பலன் என்றார்.

ஆனந்தன் அருகில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். குரல் இறங்கியிருந்தது. "மச்சான், எல்லாரும் பாக்கறாங்கோ. ஒரு வாட்டி எருமன்னு சொல்லிடுடா."

"அப்படியெல்லாம் பேசக் கூடாதுங்க சார்."

பத்தர் கம்பியை வைத்து அழுத்தினார். குழந்தை வீறிட்டாள். இன்னொரு காதும் முடிந்தது. மாமன் மடியில் திமிறி, அப்பனைப் பார்த்துக் கையை நீட்டி அழுதாள். ஆனந்தனும் இரண்டு கைகளையும் நீட்டினான்.

சக்திவேல் குழந்தையைத் தூக்கி அவனிடம் நீட்டினான். ஆனால் உடனே விடவில்லை. "புடிச்சீங்களா சார்?" என்று கேட்டான்.

"புடிச்சிட்டேன்டா," என்றான் ஆனந்தன்.

சக்திவேல் குனிந்து, அந்த இரண்டு கைகளும் உண்மையிலேயே பிடித்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் விட்டான்.